அல்லா சாமி ஊர்வலத்தில் தொடங்கிய சந்தேகம்: ஷியா யார், சுன்னி யார்?

வெண்ணாற்றங்கரை | இரவு 9.12

வணக்கம் மக்களே. இந்த முஹர்ரமுக்கு மச்சினன் வீடு இருக்கிற காசவளநாடு புதூருக்குப் போயிருந்தேன், தஞ்சாவூருக்குப் பக்கம். கொண்டாடுகிறவர்கள் இந்துக்கள், ஆனால் முஹர்ரம்தான் அங்கே பெரிய திருவிழா. உலோகத்தில் செய்த உள்ளங்கை ஒன்று இருக்கிறது, அல்லா சாமி என்கிறார்கள். மாலையும் பட்டும் சாத்தி ராத்திரியெல்லாம் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய், அப்புறம் தீ மிதிக்கிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது, அது தனிக் கதை.

திரும்பி வந்து வேலை பார்க்கும் இடத்தில் இதைச் சொன்னால், கூட இருக்கிற பாய் "அதெல்லாம் எங்க மார்க்கத்துல கிடையாதுப்பா" என்றார். டீக்கடையில் ஒருவர் "அது ஷியாக்காரங்க வழக்கம்" என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் "நாகூர் தர்காவும் ஷியாதானே" என்று ஒரு போடு போட்டார். நானும் இத்தனை நாள் தர்காவுக்குப் போகிறவர்கள் ஷியா, போகக்கூடாது என்பவர்கள் சுன்னி என்றுதான் நினைத்திருந்தேன். இதில் ராவுத்தர், மரைக்காயர், ஹனஃபி, ஷாஃபி எல்லாம் எங்கே வருகிறது? கூகுளில் தேடினால் ஈரான், சவூதி சண்டைதான் கொட்டுகிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

நாகூர்_நானா | இரவு 9.31

தம்பி, படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். கோபமில்லை, சிரிப்பு. நாகூரில் இருக்கும் நாங்கள் சுன்னி, மத்ஹப் (சட்ட வழிமுறை) ஷாஃபி. டெல்டாவில் எந்த ஊர்ப் பள்ளிவாசல் பலகையையும் நின்று பாருங்கள், பலவற்றில் "சுன்னத் வல் ஜமாஅத்" என்று எழுதியிருக்கும், சுன்னத் என்றால் இங்கே நபிவழி, அந்தச் சுன்னத்திலிருந்து வந்ததுதான் சுன்னி. தர்காவில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள், பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி வழிவந்தவர்கள் என்பது எங்கள் மரபு. 1166இல் மறைந்த அந்த ஜீலானியும் சுன்னிதான், அதிலும் ஹம்பலி மத்ஹப். சூஃபி வழி, காதிரிய்யா தரீக்கா என்று காதில் விழுவதெல்லாம் தனி மதப்பிரிவு இல்லை. ஒரு குருவிடம் கைகொடுத்து நடக்கிற பாதை, அவ்வளவுதான்.

எங்கள் ஐந்து மினாராவில் உயரமானது 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். டீக்கடைக் கணக்குப்படி அவர் எந்தப் பிரிவோ!

உள்ளங்கை விஷயத்தில் மட்டும் டீக்கடைக்காரர் பாதி சரி. அதற்குப் பெயர் பஞ்சா. ஐந்து விரல், ஐந்து பேர்: நபிகள் நாயகம், மகளார் ஃபாத்திமா, மருமகனார் அலி, பேரர்கள் ஹசன், ஹுசைன். பஞ்சாவுக்கு வேர் ஷியா மரபில் இருக்கிறது. இந்த ஐந்து பேர் மேல் பிரியம் வைப்பது எல்லோருக்கும் பொது.

குடமுருட்டி | இரவு 9.58

நானா சொன்னதற்கு என் வீட்டிலிருந்தே சாட்சி தருகிறேன். நான் ராஜகிரிப் பக்கம், ஹனஃபி. வீட்டுக்காரி காரைக்கால், ஷாஃபி. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் கணவாய் வறுவல் வைத்தார்கள். எங்கள் மத்ஹபில் தண்ணீரில் வாழ்வதில் மீன் மட்டும்தான் ஆகும், கணவாய் ஆகாது. அவர்களுக்குத் தாராளமாக ஆகும். நான் திருதிருவென்று முழிக்க, மாப்பிள்ளைக்குச் சமையல் பிடிக்கவில்லை என்று அத்தைக்கு வருத்தம். இறால் மீன் கணக்கில் வருமா வராதா என்று ஹனஃபி ஆலிம்களே (மார்க்க அறிஞர்களே) இன்னும் முடிவுக்கு வரவில்லை. நான் மீன் என்று முடிவு செய்து பல வருஷம் ஆகிறது.

அஸர் என்கிற மாலைத் தொழுகையும் அப்படித்தான். ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் ஷாஃபிக்கு நேரம் வந்துவிடும், ஹனஃபிக்கு இரண்டு மடங்கு நீள வேண்டும். அவள் தொழுது முடித்து டீ போடும்போது எனக்கு வக்தே (தொழுகை நேரமே) வந்திருக்காது. அதிகாலை சுபுஹுத் தொழுகையில் அதை நடத்தும் ஷாஃபி இமாம் கையேந்தி குனூத் என்ற பிரார்த்தனை ஓதுவார், அவர் பின்னால் நிற்கும் நான் பேசாமல் நிற்பேன், தொழுகை கூடிவிடும் (நிறைவேறிவிடும்). இவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பிரிவு என்று சொன்னால் மதுரைக்காரர் தோசையும் தஞ்சாவூர்க்காரர் தோசையும் வேறு மதம் என்பது மாதிரி.

சுன்னிக்குள் இப்படி நான்கு மத்ஹப்: அபூஹனீஃபா (மறைவு 767), மாலிக் (795), ஷாஃபி (820), அஹ்மத் இப்னு ஹம்பல் (855). இந்த நான்கு இமாம்களும் சட்டத்தை எப்படி எடுப்பது என்பதில் வேறுபட்டவர்கள், ஈமானில் (நம்பிக்கையில்) இல்லை. ராவுத்தர், மரைக்காயர் என்பது அதுவுமில்லை, தொழிலும் வம்சமும் சார்ந்த பெயர். மரக்கலம் ஓட்டியவர் மரைக்காயர், குதிரையோடு சம்பந்தப்பட்டவர் ராவுத்தர். மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர் பெரும்பாலும் ஹனஃபி, அதனால் குழம்புகிறது.

கொள்ளிடத்தான் | இரவு 10.05

நண்டும் ஷாஃபிக்கு ஆகும்தானே? வயல் நண்டு ரசத்துக்காகவே மத்ஹப் மாறலாம் போலிருக்கிறதே.

குடமுருட்டி | இரவு 10.09

அவசரப்படாதீர்கள். நண்டு கரையிலும் இருக்கும், தண்ணீரிலும் இருக்கும், அதனால் ஆகாது என்று ஷாஃபி நூல்களிலேயே இருக்கிறது. அதனால்தான் நான் கணவாய் உதாரணம் சொன்னேன்.

கடைமடை | இரவு 10.20

சுன்னிக்குள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், ஷியாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குக் குர்ஆனே வேறு, அலியைத்தான் நபி என்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

முத்துப்பேட்டை_ராத்தா | இரவு 10.52

கடைமடைத் தம்பி, இந்த இரண்டையும் நானும் சின்ன வயதில் கேட்டு நம்பியிருக்கிறேன். மதரஸாவில் கொஞ்சம் ஓதி, பிறகு நானாகப் படித்த பிறகுதான் தெளிந்தது. ஈரானில் அச்சடிக்கும் குர்ஆனிலும் நம் வீட்டு அலமாரியில் இருப்பதிலும் அதே 114 சூராக்கள் (அத்தியாயங்கள்) தான். நபித்துவம் முஹம்மது நபியோடு முடிந்தது என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்றால், 632இல் நபி மறைந்த அன்றே. மதீனாவில் பனூ சாயிதா கூடத்தில் கூடி அபூபக்ரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நபியின் குடும்பத்தைச் சேர்ந்த அலிக்குத்தான் அந்த இடம் என்று ஒரு சாரார் நினைத்தார்கள். ஷியா என்றால் அரபியில் கட்சி, அணி என்று பொருள், அலியின் அணி. அபூபக்ருக்குப் பிறகு உமர், அவருக்குப் பிறகு உஸ்மான், நான்காவதாக 656இல் அலியே கலீஃபா (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்) ஆனார்கள். சுன்னிகள் நால்வரையும் நேர்வழி கலீஃபாக்கள் என்கிறோம், ஷியாக்கள் முதல் மூவரை அப்படி ஏற்பதில்லை.

எனக்குப் பிடித்த ஒரு இடம் இதில் இருக்கிறது. நபியவர்கள் கடைசி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில், "நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா" என்று சொன்னார்கள். இந்த ஹதீஸ் (நபிமொழி) இரண்டு பக்கமும் இருக்கிறது, பெரும்பாலோர் மறுப்பதில்லை. மவ்லா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் எல்லாம். நேசத்துக்குரியவர் என்று சுன்னி எடுக்கிறோம், தலைவர் என்று ஷியா எடுக்கிறார்கள். ஒரே ஒரு சொல், ஆயிரத்து நானூறு வருஷமாகப் பேச்சு நடக்கிறது.

அலியை 661இல் கூஃபா பள்ளிவாசலில் காரிஜி (அலியை விட்டுப் பிரிந்துபோன கூட்டத்தார்) ஒருவன் வெட்டினான், அந்தக் காயத்தில் இறந்தார்கள். 680இல், முஹர்ரம் பத்தாம் நாள், இராக்கில் கர்பலா வெளியில் அன்றைய ஆட்சியாளர் யஸீதின் படை ஹுசைனையும் அவரோடு இருந்த சுமார் 72 பேரையும் கொன்றது. அதற்கு முன் யூஃப்ரடீஸ் தண்ணீரை நாள்கணக்கில் மறித்து வைத்தது. காவிரியில் தண்ணீர் வராத வருஷத்தைப் பார்த்த நமக்கு அந்த இடம் படிக்கும்போது தொண்டை அடைக்கும். ஆண் மக்களில் நோயில் படுத்திருந்த ஜைனுல் ஆபிதீன் மட்டும் பிழைத்தார்.

அவர்தான் ஷியாக்களின் நான்காவது இமாம் (அவர்களுக்கு இமாம் என்றால் நபி குடும்பத்து வழிவந்த தலைவர்). ஆறாவது இமாம் ஜஅஃபர் சாதிக் (மறைவு 765), நம் அபூஹனீஃபாவே அவரிடம் பாடம் கேட்டவர் என்பார்கள். இப்போது உங்கள் தெருவில் எத்தனை ஜெயினுலாப்தீன், எத்தனை ஜாபர் சாதிக் என்று எண்ணிப் பாருங்கள். அசல் சுன்னி வீட்டில், ஷியா இமாம்களின் பெயர்! பெயர் வைத்த அத்தாவுக்கு அது தெரிந்துமிருக்காது, தெரிந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இட்லிக்கு அரிசி ஊறுகிறது. ஷியாக்களில் பெரும்பகுதி பன்னிரண்டு இமாம்களை ஏற்பவர்கள், ஈரானிலும் இராக்கிலும் அவர்களே அதிகம். பன்னிரண்டாமவர் மறைந்திருக்கிறார், மஹ்தியாக வருவார் என்பது நம்பிக்கை. மஹ்தி வருவார் என்று நாமும் நம்புகிறோம், இனிமேல் பிறக்கப்போகிறவர் என்று. ஜஅஃபர் சாதிக்குக்குப் பின் அவர் மகன் இஸ்மாயீல் வழியை எடுத்தவர்கள் இஸ்மாயீலிகள், ஆகா கானைப் பின்பற்றுவோரும் சென்னையில் வெள்ளைத் தொப்பியில் தங்கக் கரை வைத்துப் பார்க்கிற போராக்களும் அந்தக் கிளை. யமனில் ஸைதிகள். உலக முஸ்லிம்களில் ஷியா பத்து முதல் பதினைந்து சதவீதம், நம் டெல்டாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மனாமா_மன்னை | இரவு 11.30

ராத்தா சொன்னதை நான் கண்ணால் பார்த்தவன். மன்னார்குடிக்காரன், பஹ்ரைனில் 9 வருஷம். அரச குடும்பம் சுன்னி, ஊர் ஜனம் பெரும்பாலும் ஷியா, ஆஷூராவுக்கு (முஹர்ரம் பத்துக்கு) அரசு விடுமுறையே இரண்டு நாள். மனாமா பழைய தெருக்களில் கறுப்புக் கொடி, கறுப்புச் சட்டை, மார்பில் அடித்துக்கொண்டு ஊர்வலம், வழியெல்லாம் இலவசமாகச் சோறும் டீயும். முதல் வருஷம் பயந்து அறைக்குள்ளேயே இருந்தேன், அடுத்த வருஷம் தட்டு நீட்டினேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஷியா. தொழும்போது கையைக் கட்டாமல் தொங்கவிடுவார், நெற்றி வைக்க ஒரு சின்ன மண் வில்லை, கர்பலா மண். மதிய லுஹரையும் அஸரையும் சேர்த்து, அந்தி மஃரிபையும் இரவு இஷாவையும் சேர்த்துத் தொழுவார், அதனால் மூன்று வேளைதான் தொழுகிறார் என்று நம் ஆட்கள் கேலி பேசுவார்கள். எண்ணிப் பார்த்தால் அவருக்கும் ஒரு நாளைக்கு அதே 17 ரக்அத் (தொழுகைச் சுற்று). தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் அலியின் பெயரைச் சேர்க்கிறார்கள். நோன்பு திறக்கக் கொஞ்சம் இருட்டட்டும் என்று காத்திருப்பார், எங்களுக்கு அந்த நேரத்தில் கஞ்சி பாதி இறங்கியிருக்கும்.

என்னிடம் ஒரு தடவை கேட்டார், "உங்கள் ஊரில் ஹுசைனுக்கு அழுகிறார்களா?" என்று. நான் இல்லை என்றேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது, புதூர்க் கதையைச் சொல்லியிருக்கலாம்.

கொள்ளிடத்தான் | இரவு 11.41

மஸ்கட்டில் என் மாமா ஒரு பள்ளியில் கை கட்டாமல் தொழுவித்த இமாமைப் பார்த்து ஷியா என்று நினைத்து வெளியே வந்துவிட்டாராம். பிறகு சொன்னார்கள் அவர் இபாழி என்று. அது என்ன மூன்றாவது?

முத்துப்பேட்டை_ராத்தா | இரவு 11.55

ஓமானில் அதிகம். அலிக்கும் யஸீதின் அப்பா முஆவியாவுக்கும் நடந்த சண்டையில் இரண்டு பக்கத்தையும் விட்டு விலகியவர்களின் வழியில் வந்த மிதமான கிளை. தலைவராக இருக்க நபி குடும்பமும் வேண்டாம், குறைஷி குலமும் வேண்டாம், பக்தியும் தகுதியும் போதும் என்பது அவர்கள் கட்சி. கை கட்டாததை வைத்து மட்டும் ஆளை எடை போட முடியாது. சுன்னிகளான மாலிக்கிகளிலும் கையைத் தொங்கவிட்டுத் தொழுகிறவர்கள் நிறைய. மாமாவிடம் சொல்லுங்கள், அநியாயமாக ஒரு ஜமாஅத் (கூட்டுத்) தொழுகையை விட்டுவிட்டார்.

புதுஆற்றுப்பாலம் | காலை 6.20

எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறீர்கள். கப்ரில் (அடக்கத்தலத்தில்) போய்க் கேட்பது இணைவைப்பு, அல்லாஹ்வுக்கு நிகர் வைப்பது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. குர்ஆன், ஹதீஸ் இரண்டும் இருக்கும்போது மத்ஹபே எதற்கு? கந்தூரி என்கிற தர்கா விழாவும் பஞ்சாவும் மார்க்கத்தில் இல்லாதவை.

நாகூர்_நானா | காலை 6.48

வாங்க. உங்களைத்தான் காணோமே என்று இருந்தேன். நாங்கள் அல்லாஹ்விடம்தான் கேட்கிறோம், அவனுக்குப் பிரியமானவரை முன்னிறுத்திக் கேட்கிறோம். இதை நாற்பது வருஷமாக உங்களுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது.

புதுஆற்றுப்பாலம் | காலை 6.55

நாற்பது வருஷமாக ஆதாரம் கேட்டு எங்களுக்கும் வலிக்கிறது நானா.

குடமுருட்டி | காலை 7.10

வெண்ணாற்றங்கரை, நீங்கள் ஷியா-சுன்னி என்று நினைத்தது இந்தச் சண்டையைத்தான். இரண்டு பேருமே சுன்னி! நம் பக்கத்துப் பள்ளிகளில் நடக்கிற தகராறு எல்லாம் இந்த வகைதான். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் 20 ரக்அத்தா 8 ரக்அத்தா, தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் விரலை ஆட்டுவதா நீட்டுவதா, பிறையை நம் ஊரில் பார்ப்பதா வேறு நாட்டில் பார்த்தாலும் போதுமா. ஒரு வருஷம் எங்கள் வீட்டில் தம்பிக்குப் பெருநாள், எனக்கு முப்பதாம் நோன்பு. அவன் பிரியாணியை மூடி வைத்து மறைவாகச் சாப்பிட்டான், வாசனையை எப்படி மூடுவது? ஷியாக்களுக்கு இந்த 20, 8 கவலையே இல்லை, தராவீஹை அவர்கள் ஜமாஅத்தாகத் தொழுவதில்லை.

மட்டுறுத்துநர் | காலை 7.25

கப்ரு விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, 212 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போகவும். இங்கே தலைப்போடு இருங்கள்.

வெண்ணாற்றங்கரை | காலை 8.40

அடேயப்பா, தூங்கி எழுவதற்குள் இவ்வளவா! இப்போது ஓரளவு பிடிபடுகிறது. ஒரு கேள்விதான் பாக்கி. இத்தனை கிளையில், நானாவும் புதுஆற்றுப்பாலமும் பஹ்ரைன் ஃபோர்மேனும் மஸ்கட் இமாமும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொள்வது என்று எது இருக்கிறது?

புதுஆற்றுப்பாலம் | காலை 8.52

நானே சொல்கிறேன், இதில் நானாவோடு சண்டையில்லை. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவன், முஹம்மது நபி அவன் தூதர் என்ற கலிமா. அதே கஅபாவை நோக்கித் தொழுகை. ரமலான் முழுக்க நோன்பு. ஸகாத் என்கிற கட்டாயக் கொடை. வசதி இருந்தால் ஆயுளில் ஒரு தடவை ஹஜ். மலக்குகள், முந்தைய வேதங்கள், ஆதம் தொடங்கி இப்ராஹீம், மூஸா, ஈஸா என்று வந்த நபிமார்கள், மறுமை நாள், இதிலும் வேறுபாடு கிடையாது. ஈஸா நபி திரும்பி வருவார்கள் என்பதும் சுன்னி ஷியா இருவருக்கும் உண்டு.

முத்துப்பேட்டை_ராத்தா | காலை 9.15

எண்ணுகிற விதத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. சுன்னிகள் ஈமானின் ஆறாவது அங்கமாகக் கத்ரை, அதாவது விதியை, எண்ணுகிறோம். ஷியாக்கள் அடிப்படைகளை ஐந்தாக எண்ணுவார்கள், அதில் இறைவனின் நீதியும் இமாமத்தும் (இமாம்களின் தலைமையும்) தனித்தனியாக வரும். ஸகாத்தோடு குமுஸ் என்று மிச்ச வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுப்பார்கள்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் தெரிந்ததைவிட ஒரு மௌத்தில்தான் (சாவில்தான்) தெரிந்தது. சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஷியாப் பாட்டிம்மா. இறந்த செய்தி வந்ததும் என் வாயில் "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள்) என்று வந்தது, அவர் மகளும் அதையே சொல்லிக்கொண்டு படியில் இறங்கினாள். அதே வெள்ளைக் கஃபன் துணி, கஅபா இருக்கும் அதே கிப்லாப் பக்கம் முகம். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையில் நமக்கு நான்கு தக்பீர் (அல்லாஹு அக்பர் என்பது), அவர்களுக்கு ஐந்து, அது ஒன்றுதான் அன்று எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

ஆலிம்களும் இதைப் பேசியிருக்கிறார்கள். 1959இல் எகிப்தின் அல் அஸ்ஹர் கல்விக்கூடத்து ஷேக் மஹ்மூத் ஷல்தூத், ஷியாக்களின் ஜஅஃபரி மத்ஹபின்படி வணங்குவதும் செல்லும் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். 2005இல் ஜோர்தானில் அம்மான் மாநாட்டில் சுன்னியின் நான்கோடு ஜஅஃபரி, ஸைதி, இபாழி, ழாஹிரி (பழைய சட்ட வழி ஒன்று) என்று எட்டு மத்ஹபையும் ஏற்று, இவர்களை யாரும் காஃபிர் என்று சொல்லக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மனாமா_மன்னை | காலை 9.40

எல்லாம் சரி, ஷியாவே இல்லாத தஞ்சாவூர்க் கிராமத்துக்குப் பஞ்சா எப்படி வந்தது?

நாகூர்_நானா | காலை 10.30

இது என் கணிப்பு, கல்வெட்டு கேட்காதீர்கள். தக்காணத்தில் கோல்கொண்டா மாதிரி ஷியா அரசுகள் இருந்தன, முஹர்ரம் அங்கே எல்லாச் சாதியும் கூடுகிற விழா. தஞ்சையைப் பிடித்து மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய வெங்கோஜி, பீஜாப்பூர் சுல்தானின் தளபதியாக இங்கே வந்தவர். அந்தப் பக்கத்து ஆட்களும் வழக்கங்களும் அவர்களோடு வந்திருக்கும், பஞ்சாவும் ஒன்று. படை போய்விட்டது, ராஜாவும் போய்விட்டார், கை மட்டும் புதூரில் தங்கிவிட்டது. நம் சுன்னி ஊர்களில் மௌலவிகள் சொல்லிச் சொல்லி அதை விட்டுவிட்டார்கள், புதூர்க்காரர்களுக்குச் சொல்ல மௌலவி இல்லை.

புதுஆற்றுப்பாலம் | காலை 10.41

கடைசி வரியில் குத்துகிறீர்கள் என்று தெரிகிறது. போகட்டும்.

வெண்ணாற்றங்கரை | காலை 11.05

நானா, ராத்தா, பாய்மாரே, ரொம்ப நன்றி. மச்சினனிடம் ஐந்து விரலுக்கும் பெயர் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி குடுக்காமயா கொன்னாங்க?" என்று அதை மட்டும் திரும்பக் கேட்டான். அடுத்த முஹர்ரமுக்கு எல்லோரும் புதூர் வாருங்கள், அவன் வீட்டில் அண்டா நிறையப் பானகம் கரைத்து வைக்கச் சொல்கிறேன்.

முத்துப்பேட்டை_ராத்தா | காலை 11.20

வருகிறேன் தம்பி. ஆனால் பத்தாம் நாள் நாங்கள் ஆஷூரா நோன்பு, மூஸா நபியை அல்லாஹ் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாள் என்று. மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் எனக்கு ஒரு சொம்பு எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள்.